கோட்டை மரியாள் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

கல்மண்டபம் டீச்சர்:
ராயபுரத்தில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். வருகிற சனிக்கிழமை 12 பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குக் கூட்டிப் போகிறேன். போன தடவை கூட வந்தவர், ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவின் கல்யாணம் இங்கேதான் நடந்தது என்பதோடு முடித்துவிட்டார். பிள்ளைகள் வெளியே போய் அணில் துரத்தினார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. 1680இல் பிரதிஷ்டை செய்த ஆலயம் அது. எதைக் காட்டினால் அவர்கள் மனசில் நிற்கும்?

காசிமேடு கல்வேலை:
டீச்சரம்மா, முப்பது வருசமாகக் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறேன். முதலில் ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டுங்கள். நம்ம பல்லாவரத்துக் கருங்கல். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் இந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. அப்புறம் கல்கத்தாவில் அவர் கல்லறைக்கு வைத்ததும் இதே இனக் கல். அதனால்தான் அந்தக் கல்லுக்கே சார்னக்கைட் என்று பேர்.

வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். 2018 வரை சட்டக் கல்லூரி இயங்கிய இடத்தில் முன்பு இருந்த இடுகாட்டில் இருந்தவை அவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளை மறைவாக வைத்துச் சுட்டது. அதனால் பிறகு கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கல்லும் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெட்டின பள்ளத்தில் நிழல் விழும், தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வெறும் கல்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை:
கூரையையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், அக்கா. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று இரண்டடி கனத்தில் செங்கல்லாலேயே வளைத்துக் கட்டியது. பீடத்துக்கு மேலே கடைசி இராப்போஜனப் படம் இருக்கும். 1761இல் புதுச்சேரியிலிருந்து வந்தது என்பார்கள். பெரியவர்கள் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டை வாசலில் கேட்பார்கள்.

கல்மண்டபம் டீச்சர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுக்கலாமா?

காசிமேடு கல்வேலை:
வேண்டாம்மா. கடல் காற்று தின்ற கல், ஓரம் உதிரும். நோட்டில் பார்த்து எழுதட்டும். லத்தீனும் ஆர்மீனியமும் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, ஒவ்வொரு எழுத்தாகப் படம் போல வரையட்டும். நானும் அப்படித்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். சனிக்கிழமை எத்தனை மணி என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.