செஸ்டர் அம்மாவுக்குத் திருப்பி முத்தம் கொடுத்தது தப்பா?

கீழ்வானம்: நேற்று சிலேட்டுக்குச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆட்ரி பென் 1993-இல் எழுதிய 'தி கிஸ்ஸிங் ஹேண்ட்' என்கிற குழந்தைகள் படக்கதைப் புத்தகம் அம்மாவைத் தேற்றும் வேலையைக் குட்டி தலையில் கட்டுகிறதாம். செஸ்டர் என்கிற ரக்கூன் குட்டி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிறான், அம்மா அவன் இடது உள்ளங்கையில் முத்தம் வைத்து, ஏக்கம் வந்தால் கன்னத்தில் வைத்துக்கொள் என்கிறாள். பள்ளி வாசலில் அவனும் அம்மா கையை விரித்து முத்தம் கொடுக்கிறான். தானாக! அம்மா கேட்கவே இல்லை.

சிலேட்டுக்குச்சி: கேட்காமலே கொடுத்தான் என்பதுதான் அக்கா உறுத்துகிறது. என் பையன் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "நான் போனா அம்மா அழுவாங்களா?" என்று கேட்டான். அதுவரை அவனுக்கு அந்தக் கவலையே இல்லை.

கீழ்வானம்: முத்தம் கொடுத்துவிட்டு செஸ்டர் ஆடிக்கொண்டே ஓடுகிறான். சுமையைத் தூக்கியவன் ஆடுவானா? தானாகக் கொடுத்தான் தம்பி, தானாக.

வாய்க்கால்கரை: ஒரு மரநாய்க் கதைக்கா இவ்வளவு சண்டை?

கீழ்வானம்: மரநாய் இல்லை, ரக்கூன். அது அமெரிக்கக் காட்டு விலங்கு, குடும்பமே வேறு.

வாய்க்கால்கரை: பிள்ளைக்குச் சொல்லத் தமிழில் ஒரு பெயர் வேண்டாமா? பென்குவினுக்கும் போன மாதம் இப்படித்தான் எல்லார் முன்னாலும் என்னைத் திருத்தினீர்கள், மறக்கவில்லை.

கீழ்வானம்: அதற்காக நம்ம ஊர் ஓட்டுக்கூரையில் ஓடுகிற மரநாயைக் கொண்டுவந்து ஒட்டுவீர்களா? ரக்கூனின் முன்கால் விரல்கள் நம் கை மாதிரி விரியும். அந்தக் கை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

சிலேட்டுக்குச்சி: பேச்சை மாற்றாதீர்கள். குட்டி உள்ளே போன பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பது யார்? அம்மா. ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்று அதிலேயே தெரிகிறதே.

கீழ்வானம்: அம்மாவுக்கு ஏக்கம் இருக்கக் கூடாதா? என் மகள் யூகேஜி போன முதல் நாள் சாயங்காலம், சாப்பிட்டுக் கை கழுவும்போது இடது கையை மட்டும் குழாயில் படாமல் தூக்கியே பிடித்திருந்தாள். கழுவினாலும் முத்தம் போகாது என்று அம்மா ரக்கூன் சொல்கிற பக்கத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் நனைத்தாள். மறுநாள் வேனில் ஏறும் முன் என் கையை இழுத்து அவளும் ஒன்று வைத்தாள். நான் கேட்டேனா?

சிலேட்டுக்குச்சி: உங்கள் முகத்தைப் பார்த்திருப்பாள்.

கீழ்வானம்: என் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா? புத்தகத்தை விட்டுவிட்டு இப்போது என் வளர்ப்பைப் பேசுகிறீர்கள். தானாகக் கொடுத்தாள். செஸ்டரும் தானாகத்தான் கொடுத்தான்.

வாய்க்கால்கரை: பென்குவினுக்கு இன்னும் பதில் வரவில்லை.