செகண்ட் ஹேண்ட் ஷனெல் பேக், லாக்க பாத்து ஒரிஜினலான்னு சொல்ல முடியுமா?

கோவைக்காரி:
வணக்கம், தெரிஞ்சவங்க ஒருத்தங்க 2023ல துபாய்ல வாங்கினதுன்னு ஒரு ஷனெல் ஃப்ளாப் பேக்கும் ப்ராடா பர்ஸும் பாதி விலைக்கு தரேங்கறாங்க, பில்லு தொலைஞ்சு போச்சாம். நம்பர் ஸ்டிக்கர், கார்டு எல்லாம் இருக்கு, ஆனா அதையே டூப்ளிகேட் அடிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். மூணு வருஷமா சேத்த காசு, ஏமாந்துட்டா தாங்கமாட்டேன். லாக், ஜிப் வச்சு கண்டுபிடிக்க முடியுமா?

தோல்பை ரசிகை:
முடியும்மா, தோலை விட மெட்டல்லதான் சீக்கிரம் மாட்டிக்குவாங்க. முதல்ல லாக்க நேரா வச்சு பாருங்க, ஷனெல் லோகோவா இருக்கற ரெண்டு ஆங்கில சி எழுத்தும் பின்னிக்கற எடத்துல மேல வலது சி முன்னாடி வரணும், கீழ இடது சி முன்னாடி வரணும், நிறைய டூப்ல இத மாத்தி போட்டிருப்பான் இல்லன்னா ரெண்டு எடத்துலயும் ஒரே சி முன்னாடி நிக்கும். அப்புறம் ஃப்ளாப்ப திறந்து லாக்கோட பின்பக்க ப்ளேட்ட பாருங்க, ஷனெல், பாரிஸ்னு தெளிவா வெட்டின எழுத்து, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ. அது மைனஸ் ஸ்க்ரூவா இருக்கும், புதுசுல ஸ்டார் மாதிரியும் வரும். நம்ம வீட்டு சுவிட்ச் போர்டுல இருக்கற ப்ளஸ் ஸ்க்ரூ இருந்தா அப்பவே வேணாம்னு சொல்லிடுங்க.

இன்னொண்ணு, ஷனெல் 2021லயே ஸ்டிக்கரையும் கார்டையும் நிறுத்திட்டு உள்ள சிப் வச்ச சின்ன மெட்டல் ப்ளேட் போட ஆரம்பிச்சுட்டாங்க. 2023ல புதுசா வாங்கினதுன்னா ஸ்டிக்கர் எப்படி வந்துச்சு??

ரன்னர் மாத்துறவன்:
பேக் ரிப்பேர் தொழில் நம்மளுது. காந்தம் வச்சு பாக்க சொல்லுவாங்க, இழுத்துச்சுன்னா உள்ள இரும்பு, சந்தேகப்படுங்க, ஆனா இழுக்கலன்னு நம்பிடாதீங்க, மலிவான துத்தநாக கலவையும் காந்தத்துல ஒட்டாது. வளையத்தோட உள்பக்கம், ஸ்க்ரூ ஓரம் இங்கதான் மட்டமான முலாம் முதல்ல உரியும், அங்க டார்ச் அடிச்சு பாருங்க.

ப்ராடா பர்ஸுக்கு முக்கோண லோகோல ஆங்கில ஆர் எழுத்த பாருங்க, கால் சேர்ற எடத்துல சின்ன வளைஞ்ச வெட்டு இருக்கும், டூப்ல கால் நேரா ஒட்டியிருக்கும். ஜிப்ல லாம்போ, ரிரின்னு ஜிப் கம்பெனி பேர் இருந்தா நல்லதுதான், ஆனா அந்த பேரையும் அடிக்கறான், ஒய்கேகே பேரையும் அடிக்கறான். பேர விட்டுட்டு ரன்னர, அதான் ஜிப்ப திறந்து மூட இழுக்கற துண்ட, இழுத்து பாருங்க, திக்கக்கூடாது.

கோவைக்காரி:
இப்பதான் போய் பாத்துட்டு வரேன். ஸ்க்ரூ மைனஸ்தான், ஆனா மேலயும் கீழயும் வலது சி தான் முன்னாடி இருக்கு. ஸ்டிக்கர பத்தி கேட்டதுக்கு பழைய ஸ்டாக்கா இருக்கும்ங்கறாங்க. ரெண்டையும் வேணாம்னு சொல்லிட்டேன், ரொம்ப நன்றி அக்கா, அண்ணா.