கணினிவழி மேடை விளக்குகள் துடிக்கின்றன: விலை குறைந்த டிஎம்எக்ஸ் இடைமுகம்தான் காரணமா?

கேள்வி (ஆரையம்பதி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு வடமோடிக் கூத்தை வட்டக்களரி என்னும் வட்டமான திறந்த ஆடுகளத்திலிருந்து மேடைக்குக் கொண்டுவந்த பிறகு ஒளியமைப்பு என் பொறுப்பாயிற்று. ஒவ்வொன்றும் 7 சனல் (தனித்தனியே கட்டுப்படுத்தும் தடம்) கொண்ட 12 எல்ஈடி பார் விளக்குகள், பழைய மடிக்கணினியில் கியூஎல்சி பிளஸ் என்னும் ஒளிக்கட்டுப்பாட்டு மென்பொருள், விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் முறைக்கான விலை குறைந்த யூஎஸ்பி இடைமுகம், மேடைவரை ஏறத்தாழ 50 மீற்றர் மைக் வயர் ஆகியவையே எங்களிடம் உள்ளவை.

சிக்கல் இரண்டு விதமாகத் தெரிகிறது. அரசன் கொலுவுக்கு வரும் வரவுப் பாட்டில் ஒளியை மெல்லக் கூட்டும்போது எல்லா விளக்குகளும் ஒரே கணத்தில் வெட்டி மீள்கின்றன. அதே மடிக்கணினியிலிருந்து புரொஜெக்டருக்குப் படம் ஓடவிட்டால் இது இன்னும் மோசமாகிறது. வரிசையின் கடைசி இரண்டு விளக்குகளோ எப்போதும் துடித்தபடியே இருக்கின்றன. மத்தளத்துக்கு ஆடுபவரின் காலடியில் இருக்க வேண்டிய பார்வையை இந்தத் துடிப்பு பறித்துவிடுகிறது. இடைமுகத்தை மாற்றாமல் இதைத் தீர்க்க வழியுண்டா?

பதில் 1 (கல்முனை)

முதலில் டிஎம்எக்ஸ் வயரைக் கழற்றிவிட்டு, விளக்கின் பின்புறத்திலுள்ள மெனுவில் ஒரே நிறத்தை நிலையாக எரியவிட்டுப் பாருங்கள். அப்போதும் துடித்தால் கோளாறு மின்வழங்கலில் அல்லது விளக்கினுள்ளேயே இருக்கிறது. ஜெனரேட்டரில் நடந்த விழாக்களில் 230 வோல்ற் நிலைக்காமல் ஏறி இறங்குவதை நான் மீற்றர் வைத்தே பார்த்திருக்கிறேன். துடிக்காமல் எரிந்தால் மட்டும் வயரையும் கணினியையும் ஆராயுங்கள்.

பதில் 2 (மட்டக்களப்பு நகர்)

நீங்கள் எழுதியதைப் படிக்கையில், வெவ்வேறான இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் சேர்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கடைசி இரண்டு விளக்குகளின் துடிப்பு பெரும்பாலும் வயரைச் சார்ந்தது. டிஎம்எக்ஸ் தரவு செக்கனுக்கு 250,000 பிற் வேகத்தில் செல்கிறது. வயரின் முடிவில் அதை உள்வாங்க எதுவும் இல்லாவிட்டால் சமிக்ஞை அங்கிருந்து திரும்பி, பின்னால் வரும் தரவைக் குழப்பும். ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக்கின் (மைக் வயரில் உள்ளது போன்ற மூன்று பின் பிளக்) 2ஆம், 3ஆம் பின்களுக்கிடையே 120 ஓம் தடையி ஒன்றைப் பற்றவைத்து, கடைசி விளக்கின் வெளியீட்டில் செருகுங்கள். சில ரூபாய்களில் முடியும் இந்த வேலையைப் பலர் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமே. வயரை எங்காவது இரண்டாகக் கிளை பிரித்திருந்தால் அதையும் நீக்கி, ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என ஒரே கோடாகக் கொண்டுசெல்லுங்கள். மைக் வயர் குறுகிய தூரத்துக்குச் சமாளித்தாலும் 50 மீற்றருக்கு டிஎம்எக்ஸ் வயரே ஏற்றது.

எல்லா விளக்குகளும் ஒன்றாக வெட்டுவது வேறு கதை. விலை குறைந்த இடைமுகங்கள் பலவற்றினுள் யூஎஸ்பியைத் தொடர் தரவாக மாற்றும் ஒரு சிப்பும் அதை டிஎம்எக்ஸ் வயருக்கேற்ற மின்சமிக்ஞையாக்கும் ஆர்எஸ்-485 சிப்பும் மட்டுமே உள்ளன. தரவை நினைவில் வைத்துத் தானாகத் திரும்பத் திரும்ப அனுப்பும் நுண்கட்டுப்படுத்தி அவற்றில் இல்லை. ஆகவே ஒவ்வொரு சட்டகத்தின் (எல்லாச் சனல்களின் அளவுகளையும் ஒருமுறை அனுப்பும் தரவுத் தொகுதி) தொடக்கத்திலும் வர வேண்டிய இடைவெளியைக்கூட மடிக்கணினியே உருவாக்குகிறது. படம் ஓடும்போது விண்டோஸ் அந்த வேலையைச் சற்றுத் தள்ளிப்போட்டால் சட்டகங்கள் ஒழுங்கற்று வருகின்றன. நல்ல விளக்கு அதைப் பொறுத்துக்கொள்ளும், மலிவான விளக்கு வெட்டிவிடும்.

512 சனல்களையும் அனுப்ப ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 23 மில்லி செக்கன் தேவை. உங்களுக்கு 84 சனல்களே போதும் என்பதால், மென்பொருள் இடமளித்தால் அனுப்பும் சனல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, செக்கனுக்கு 25 அல்லது 30 சட்டகங்களாக வையுங்கள். யூஎஸ்பிக்கான மின்சேமிப்பை விண்டோஸில் நிறுத்துங்கள். படத்தை வேறொரு கணினிக்கு மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றத்தைத் தரும். இவ்வளவுக்குப் பிறகும் வெட்டினால், நுண்கட்டுப்படுத்தி உள்ள இடைமுகத்துக்குப் பணம் செலவிடுவதில் தவறில்லை.

பதில் 3 (திருக்கோவில்)

கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று எக்ஸ்எல்ஆர் பின்களைக் கறுக்கச் செய்துவிடுகிறது. தடையி போடுமுன் எல்லாப் பிளக்குகளையும் திறந்து, பற்றாசு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது; அப்போது துடிப்பு நின்றால், மின் தனிப்படுத்தல் இல்லாத இடைமுகத்தின் வழியே சார்ஜரின் இரைச்சல் தரவு வயருக்குள் புகுகிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிலையான நிறத்தில் ஒரு விளக்கும் துடிக்கவில்லை. எட்டாவது விளக்குக்குச் செல்லும் பிளக்கில் 3ஆம் பின்னின் பற்றாசு விட்டிருந்தது. அதைச் சரிசெய்து தடையியையும் செருகியதும் கடைசி இரண்டும் அமைதியாகிவிட்டன. படத்தை நண்பரின் கணினிக்கு மாற்றி, சனல்களையும் குறைத்த பின்னர் நேற்றைய ஒத்திகையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரே ஒரு வெட்டுத்தான் வந்தது. ஆனால் ஒளி முற்றாக அணையும் இறுதிக் கட்டத்தில் இன்னும் படிப்படியாகக் குதிக்கிறது.

பதில் 2 (மட்டக்களப்பு நகர்)

அது கோளாறன்று. ஒரு சனலுக்கு 0 முதல் 255 வரை 256 படிகளே இருப்பதால், மிகக் குறைந்த ஒளியில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கின் மெனுவில் மங்கல் வேகத்தைத் தாமதமாக்கும் தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள்; இல்லாவிட்டால் கடைசிப் பத்துப் படிகளை மட்டும் விரைவாக இறக்கிவிடுங்கள்.