ஊற்று நீரைப் பகிரும் ஊராட்சிகளுக்கான கூட்டுத் திட்டம்: வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியை ஒட்டிய எங்கள் பகுதியில், ஒரே ஓடையின் நீர்ப்பிடிப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஊராட்சிகள் சேர்ந்து நிலத்தடி நீருக்கான பொதுத் திட்டம் ஒன்றை எழுத முயல்கின்றன. வரைவு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேலுள்ள சிதைந்த மண்ணடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கும் மழைநீரே ஊற்றாகக் கசிகிறது என்பதால், மேட்டுத் தோட்டத்தில் போடும் ஆழ்துளைக் கிணறு அதே வெடிப்பில் இணைந்திருந்தால் கீழூரின் குடிநீர் ஊற்று வற்றக்கூடும். ஆனால் ஊராட்சி எல்லைக்கும் பாறை வெடிப்புக்கும் என்ன உறவு?

முன்மாதிரி தேடியபோது கலிபோர்னியாவின் நிலத்தடி நீர்ச் சட்டத்தைப் பார்த்தேன். 2014ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, உள்ளூர் அமைப்புகளே நிலத்தடி நீர்ப் படுகைவாரியாகத் திட்டம் வகுத்து, எடுக்கும் நீருக்கும் ஊறும் நீருக்கும் இடையே 20 ஆண்டுகளில் சமநிலையை எட்ட வேண்டும். நீர்மட்டச் சரிவு, தரக்கேடு, நிலம் தாழ்தல் உள்ளிட்ட ஆறு பாதிப்புகளை அது தவிர்க்கச் சொல்கிறது. அவற்றுள் ஓடைநீர் குறைதலே எங்களுக்கு முதன்மையானது. நிலம் தாழ்தலும் கடல்நீர் உட்புகுதலும் நல்லவேளையாக எங்கள் கவலையல்ல. பெரிய வண்டல் படுகைகளை மனத்தில் கொண்டு எழுதிய அச்சட்டத்தை அப்படியே மலைக்குப் பொருத்த முடியாது என்பதே என் கருத்து.

நீலகிரியிலோ ஏலகிரியிலோ இத்தகைய பணியில் ஈடுபட்டவர்கள், ஊற்றின் வரத்தை வாளியும் கடிகாரமும் கொண்டு மாதந்தோறும் அளந்த பதிவேட்டின் மாதிரியையும், பல ஊராட்சிகள் ஒருமித்து நிறைவேற்றிய கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் இங்கே பகிர இயலுமா? தனியார் காப்பித் தோட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுக்க உரிமையாளர்களை எவ்வாறு இணங்கவைத்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அடுத்த கிராம சபைக்கு முன் வரைவை முடிக்க வேண்டியுள்ளது.