ஈட்டி மரப் பிடி விலகுகிறது, உறைக்குள் துரு பிடிக்கிறது: எங்கே தப்பு?

கேள்வி

வணக்கம். பிடியின் கடைசி வரை இரும்பு போகும் ஃபுல் டேங் கத்தி. 1095 என்ற அதிகக் கார்பன் இரும்பு, முதுகு 3.5 மி.மீ. பிடிக்கு இரண்டு பக்கமும் 9 மி.மீ. ஈட்டிப் பலகை. 6 மி.மீ. பித்தளைப் பின் (குறுக்கே செருகும் கம்பி) இரண்டு, ஐந்து நிமிட எபாக்ஸிப் பசை, ஜி-கிளாம்ப் போட்டு நன்றாக இறுக்கியது. மூன்றே வாரத்தில் வலப் பக்கப் பலகையின் முன்முனையில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி.

உறை, பழைய கைப்பையின் 2 மி.மீ. தோலை மடித்துத் தைத்தது. ஒரு வாரம் உள்ளே கிடந்ததில் அலகில் ஆரஞ்சுப் புள்ளிகள். முனைப் பக்கம் நான்கு தையல் அறுந்திருக்கிறது. இடைவெளியில் சூப்பர் குளூ விட்டு அடைத்தால் போதுமா?

பதில் 1

விடாதீர்கள். மேல்வாய் அடைபடும், உள்ளே போன ஈரம் அங்கேயே நிற்கும். அப்புறம் பலகைக்கு அடியில் டேங் (பிடிக்குள் போகும் இரும்பு) துருப்பிடிப்பது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

பின் இருக்கிறதே, எப்படிப் பிரிந்தது என்று தோன்றலாம். நேர் பின் பலகை வழுக்காமல் பிடிக்கும். வெளிப்பக்கமாக எழும்புவதை அது தடுக்காது. அந்த வேலை பசையுடையது.

கழற்றிப் பார்த்தால்தான் காரணம் தெரியும். பின்னின் நடுவில் புள்ளி குத்தி, 5 மி.மீ. பிட்டால் துளைத்து, மிச்சத்தைத் தட்டி எடுங்கள். அலகைத் தடித்த துணியில் சுற்றிக் கட்டிவிட்டு வேலை செய்யுங்கள். பலகை வந்ததும் பசை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பசை முழுக்க இரும்பில் நின்று மரம் வெறுமையாக வந்தால் மரத்தின் எண்ணெய். மரத்தில் நின்று இரும்பு பளபளவென்று வந்தால் டேங்கைச் சொரசொரப்பாக்கவில்லை. இரண்டிலுமே பசை இல்லாத வறண்ட திட்டுகள் இருந்தால் கிளாம்ப் பசையைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டது.

கேட்டவர்

கழற்றியாயிற்று. பசை பெரும்பாலும் இரும்புப் பக்கம்தான். நடுவில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வறண்ட இடம். இடப் பக்கப் பலகை இன்னும் உறுதியாக நிற்கிறது. அதையும் எடுக்க வேண்டுமா?

பதில் 1

எடுங்கள். அதே மரம், அதே பசை, இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம். பின் போய்விட்டதால் இனி அது வெறும் பசையில்தான் நிற்கிறது. கொதிநீரில் பிடிப் பக்கத்தைப் பத்து நிமிடம் வைத்தால் எபாக்ஸி இளகும். 100 டிகிரி அலகின் பதத்தைக் கெடுக்காது. மரம் வளையக்கூடும், புதுப் பலகைக்குத் தயாராக இருங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது இரண்டு தப்பு சேர்ந்தது: எண்ணெயும் இறுக்கமும். புதுப் பலகையை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறையாமல் நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

கண்ணாடித் தட்டில் 120 எண் உப்புத்தாளை ஒட்டிப் பலகையின் உட்பக்கத்தைத் தேயுங்கள். முன்பே பென்சிலால் கோடுகள் கிழித்து வைத்தால், எல்லாக் கோடும் மறையும்போது பரப்பு சமம். பிறகு சுற்றிலும் 7 மி.மீ. விளிம்பு விட்டு, நடுவை மட்டும் அரை மி.மீ. குழியுங்கள். பசை தங்க அதுதான் இடம். டேங்கை 80 எண் தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள்.

பலகையின் முன்முகத்தை ஒட்டும் முன்பே 600 எண் வரை மெருகேற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே தாள் போட்டால் அலகு கீறும்.

மரத்தையும் இரும்பையும் அசிட்டோனில் மூன்று முறை துடையுங்கள். ஈட்டியில் துணி சிவப்பாக வந்துகொண்டேதான் இருக்கும், அது சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டாம். உலர்ந்ததும் தாமதிக்காமல் பசை போடுங்கள், எண்ணெய் மறுபடி மேலே கசியும். 24 மணி நேர எபாக்ஸி வாங்குங்கள். பின்னிலும் பூசுங்கள். விளிம்பு நெடுகப் பசை மெல்லிய கோடாக எட்டிப்பார்த்ததும் கிளாம்பை நிறுத்துங்கள்.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். பெல்ட் சாண்டரில் பின் சூடாவதைக் கவனியுங்கள். பித்தளை அந்தச் சூட்டை நேராகப் பசைக்குக் கொண்டுபோகும். விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஈட்டித் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். பின்னைச் சுத்தியலால் தட்டி விரிக்கவும் வேண்டாம், துளையோரம் வெடிக்கும்.

பதில் 3

உறைக்கு வருவோம். கைப்பைத் தோல் பெரும்பாலும் குரோமில் பதப்படுத்தியது. வளையும், உருவம் நிற்காது, மிச்ச உப்புகள் இரும்பை அரிக்கும். துண்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள்: மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் சுருங்கி விறைக்கும், குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உறைக்கு மரப்பட்டையில் பதப்படுத்தியதில் 3 மி.மீ. வேண்டும்.

தையல் அறுந்ததற்குக் காரணம் வேறு, அலகின் வாய் நூலில் பட்டிருக்கிறது. மடிப்பின் திறந்த ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே 10 மி.மீ. அகலத் தோல் பட்டை ஒன்று போகவேண்டும். தையல் வெளி ஓரத்திலிருந்து 4 மி.மீ.யில். அப்போது அலகின் வாய் நூலைத் தொட 6 மி.மீ. தோலை வெட்டியாக வேண்டும். பட்டையின் கனம் முதுகின் 3.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது, இல்லையென்றால் உறை வாயில் விரியும்.

துளைக்குத் துளை 4 மி.மீ., 1 மி.மீ. மெழுகு நூல், தைக்கும் நீளத்தைப் போல எட்டு மடங்கு, இரண்டு ஊசி. வாய்ப்பக்கம் மூன்று துளை திரும்பத் தையுங்கள்.

தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும்வரை முக்கி, கத்தியை பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் செருகி, பிடியின் முன்பகுதி 2 செ.மீ. உள்ளே இருக்கும்படி விரலால் அழுத்தி உருவம் கொடுங்கள். இறுகப் பிடிக்க வேண்டியது அலகையல்ல, பிடியை. நிழலில் ஒரு நாள். வெயிலோ ஹீட்டரோ பட்டால் தோல் நொறுங்கும்.

பிடியை முடித்து மெருகேற்றிய பிறகே இதைத் தொடங்குங்கள். பிடி ஒரு மி.மீ. மாறினாலும் உறை பொருந்தாது.

கேட்டவர்

அப்படியானால் நல்ல தோலில் கத்தியை வைத்தே இருக்கலாமா?

பதில் 3

கூடாது. எந்தத் தோலும் காற்றின் ஈரத்தை இழுக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பும் ஏறும். உறை எடுத்துச்செல்ல மட்டும். வீட்டில் உறைக்கு வெளியே வையுங்கள், மெல்ல எண்ணெய் தடவி. இப்போதுள்ள புள்ளிகளை எண்ணெயோடு 600 எண் தாளால் நீளவாக்கில் தேயுங்கள். ஆழமாக அரித்திருக்காவிட்டால் போய்விடும்.