பேட்டரி டப்பாவில் கழுநீர்

நாமக்கல் கறவைக்காரன்:
மூன்று கறவை, ஒரு கிடாரி, ஒரு கன்று. மச்சான் பழைய லாரி பேட்டரியின் கறுப்புக் கூட்டை அறுத்துத் தொட்டியாக்கிக் கொடுத்தார். நன்றாகக் கழுவிவிட்டோம் என்றுதான் நினைப்பு. ஒரு வருடமாக மீந்த சோறு, புளித்த கழுநீர், தவிடு எல்லாம் அதில்தான். கன்று அதன் ஓரத்தை நக்கிக்கொண்டே நிற்கும்.

கிடாரிக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. தாது உப்பு மாற்றினேன், குடற்புழு மருந்து கொடுத்தேன், குலதெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டேன். கன்றோ ஒன்பது மாதத்தில் ஐந்து மாதக் கன்றளவுதான் இருந்தது. ஒரு நாள் பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. கண் தெரியவில்லை.

டாக்டர் வந்ததும் முதலில் கேட்டது, "தண்ணி எதுல காட்டுறீங்க?" இரத்தப் பரிசோதனையில் ஈயம் வந்தது. பேட்டரித் தகட்டுத் தூள் கூட்டின் இடுக்கில் ஒட்டியிருக்கும், புளித்த நீர் அதைக் கரைத்து இழுத்துவிடும் என்றார். வைட்டமின் பி1 ஊசியும் ஈயத்தை வெளியேற்றும் மருந்தும் போட்டார். கன்று பிழைத்தது, ஆனால் வளர்த்தி இல்லை. கிடாரி சினை பிடிக்காததற்கும் இதுதான் காரணமா என்றேன். ஈயம் சினைப்பையைக் கெடுக்கும், ஆனால் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

பட்டி ஆடு:
அண்ணே, எனக்கு வேறு உலோகம். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையே செம்மறிக்கும் போட்டேன். அதில் தாமிரம் அதிகம். மாடு தாங்கும், வெள்ளாடுகூட ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. மாதக்கணக்கில் ஈரலில் சேரும், வெளியே ஒன்றும் தெரியாது. சந்தைக்கு வண்டியேற்றிய அலைச்சலில் சேர்ந்த தாமிரம் மொத்தமாக இரத்தத்தில் கொட்டிவிட்டது: கண் மஞ்சள், மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறம். இரண்டு சினை ஆடு, ஒரு கிடா போயின. அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் துப்பாக்கிக் குழாய் போலக் கருநீலம்.

கிராமத்து மருமகள்:
அண்ணா, அந்த மாடுகளின் பாலை என்ன செய்தீர்கள்?

நாமக்கல் கறவைக்காரன்:
டாக்டர் சொன்னதால் விற்பனைக்கு ஊற்றுவதை நிறுத்தினோம்மா. ஈயம் எலும்பில் உட்கார்ந்துகொள்ளுமாம், கறவை நேரத்தில் எலும்பு கரையும்போது திரும்ப இரத்தத்துக்கும் பாலுக்கும் வருமாம். அதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளைகள் குடித்ததை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை அவர்களுக்கும் இரத்தம் எடுக்கப் போகிறோம்.