கார்னெட்டுக்குப் பதிலாகக் கண்ணாடித் தூள் அடிக்கலாமா?

துவாக்குடி_யார்டு:
திருச்சி துவாக்குடிப் பக்கம் சின்னதாக பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களை அடித்து உலோகத்தின் துரு, பழைய பெயின்டை எடுப்பது), பெயின்டிங் யார்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பாய்லர் ஸ்ட்ரக்சர், டக்ட், எப்போதாவது ஒரு ஸ்டெயின்லெஸ் டேங்க். முன்பு தூத்துக்குடி காப்பர் ஸ்லாக்கை (தாமிர ஆலையில் மிஞ்சும் கசடு) வைத்தே வண்டி ஓடியது. 2018-இல் ஆலை மூடியதும் அது போச்சு, கார்னெட் (பிளாஸ்டிங்குக்கு அடிக்கும் கடினமான கனிமத் துகள்) விலையோ கட்டுப்படியாகவில்லை. இப்போது ஒரு வியாபாரி, பழைய பாட்டில், ஜன்னல் கண்ணாடி எல்லாம் அரைத்த தூள் தருகிறேன் என்கிறார். கை கிழியும் என்று பயந்துகொண்டே அள்ளிப் பார்த்தேன், ரவை மாதிரிதான் இருக்கிறது. இதை வைத்து எச் பீமில் எஸ்ஏ 2.5 (துருவும் பழைய பூச்சும் ஏறக்குறைய முழுதும் போன சுத்தம்) எடுக்க முடியுமா? பையன்களின் நுரையீரலுக்கு ஆபத்து இல்லையே?

வளைகுடா_ரிட்டர்ன்:
அண்ணே, புது பீம் என்றால் யோசியுங்கள். கண்ணாடியின் ஒப்படர்த்தி சுமார் 2.5, கார்னெட்டுக்கு 4 பக்கம் வரும். கடினமும் குறைவு, மோஸ் கடின அளவில் ஐந்தரை, ஆறு பக்கம்தான். லேசான சரக்கு என்பதால் கெட்டியான மில் ஸ்கேலில் (புது இரும்பின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம்) நாசிலை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும், கம்ப்ரஸர் டீசலிலேயே மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும். ஆனால் பழைய பெயின்ட், மேலோட்டமான துரு என்றால் நன்றாக எடுக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அடித்துப் பாருங்கள், கண்ணாடித் தூளில் இரும்புத் துகள் கிடையாது, ஸ்டீல் கிரிட் (எஃகுத் துகள்) அடித்த இடத்தில் பின்னால் துருப்புள்ளி கிளம்புமே, அந்தத் தலைவலி இல்லை.

பெயின்ட்_இன்ஸ்பெக்டர்:
கண்ணாடியில் 70 சதவீதம் சிலிக்காதான். ஆனால் உருகிக் குளிர்ந்த கண்ணாடியில் அது படிகமாக இல்லை. சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவருவது படிக சிலிக்கா, அதாவது ஆற்று மணலில் இருப்பது. மணல் அடிப்பதை பிரிட்டனில் 1949-லேயே தடை செய்துவிட்டார்கள், இங்கே இன்னும் சில ஷெட்டுகளில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள், பார்த்தாலே வயிறு எரிகிறது. அதற்காகக் கண்ணாடித் தூசியை இழுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் அதுவும் சேர்ந்துதான் பறக்கும். ஏர் ஃபெட் ஹெல்மெட் (குழாய் வழியே சுத்தக் காற்று வருவது) கட்டாயம்.

இன்னொன்று. பாட்டில் சரக்கு என்றால் லேபிள், பசை, சர்க்கரைப் பிசுக்கு, பீங்கான் துண்டு எல்லாம் கலந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி விடுங்கள். மேலே எண்ணெய்ப் படலமோ குப்பையோ மிதந்தால் அந்த மூட்டையைத் தொடாதீர்கள், பிரைமர் பிடிக்காது.

ரெண்டாவது_ஷிப்ட்:
விலையை மூட்டைக் கணக்கில் பார்க்காதீர்கள் சார். கார்னெட்டை சலித்து மூன்று நான்கு தடவை ஓட்டலாம், கண்ணாடி ஒரே அடியில் பொடியாகிவிடும், அப்புறம் அந்தக் குப்பையை அள்ளவும் ஆள் வேண்டும். ஈரம் பட்டால் பாட்டிலிருந்து இறங்காது (கண்ணாடி பாட்டில் இல்லை, தூளை நிரப்பும் பிளாஸ்டிங் பாட்!). டாஸ்மாக் பாட்டிலுக்கு இப்படி ஒரு கதி வரும் என்று யார் கண்டது.

துவாக்குடி_யார்டு:
டம்ளரில் போட்டாச்சு. எண்ணெய் இல்லை, ஆனால் காகிதத் துணுக்கு நூல் நூலாக மிதக்கிறது. கழுவிக் காயவைத்த சரக்கு இருந்தால் மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டேன், இரண்டே மூட்டை. வந்தால் ஸ்டெயின்லெஸ் டேங்கின் அடிப்பக்கத்தில் ஒரு சதுர அடி அடித்துப் பார்க்கிறேன். பீமுக்குக் கார்னெட்டேதான்.